ஒரு அடி தள்ளி

ஜூன் 4, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு மொட்டைமாடியில் கராத்தே கட்டா. ஐம்பத்திரண்டு அசைவு: தடுப்பு, குத்து, உதை, திரும்பல், மறுபடி தடுப்பு. எங்கேயும் தயங்காமல் ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். நான் முடித்தது ஒரு அடி தள்ளி. மறுபடி செய்தேன். மறுபடியும் ஒரு அடி. வரிசையாக மூன்று முறை சரியாக முடிக்காமல் கீழே இறங்குவதில்லை என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். இருபத்தாறு முறை செய்தேன். வேலைக்குத் தாமதம்.

ஓர்ப்படி ஏழெட்டு முறை செய்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டில் இருக்கிறாள், கொழுந்தன் மனைவி. கராத்தே வகுப்பில் நாங்கள் சேர்ந்தது ஒரே நாள். பிளாக் பெல்ட் தேர்வும் ஒரே நாள், ஜூலை 28. தேர்வில் யார் நன்றாகச் செய்கிறோமோ அவருக்குப் பெண்கள் வகுப்பை ஒப்படைப்பதாக மாஸ்டர் சொல்லியிருக்கிறார். வகுப்பு ஒன்று, ஆள் இரண்டு. எனக்கு அது வேண்டும். பதினெட்டு வருடமாகக் கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலரில் தப்புத் தையல் தேடிக்கொண்டிருக்கிறேன். போதும்.

ஜூன் 9, ஞாயிறு

"ஆரம்பிக்கிற இடத்துல போடுற சாக்பீஸ் கோடு கால்பட்டு அழிஞ்சிடுதுக்கா. பக்கத்துல செருப்பை வச்சுக்கோங்க" என்றாள் ஓர்ப்படி. இடது காலுக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. நல்ல யோசனைதான். ஆனால் இவளுக்கு ஏன் என்மேல் இத்தனை அக்கறை?

ஜூன் 10

மூன்றும் வரிசையாகச் சரி! மொத்தமே ஐந்து முறைதான் செய்தேன்.

முட்டி லேசாகப் பிடிக்கிறது. நாற்பத்துமூன்று வயதில் பிடிக்கத்தான் செய்யும். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "உனக்கெதுக்கு இந்த வயசுல" என்று ஆரம்பிப்பார்.

ஜூன் 15, சனி

வகுப்பில் மறுபடி ஒரு அடி தள்ளி. அங்கே டைல்ஸ் தரை, எல்லோருக்கும் தெரிகிறது. "எங்க கிளம்பிட்டீங்க, வீட்டுக்கா?" என்றார் மாஸ்டர். சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தன. ஐந்து நாளாக மாடியில் சரியாக முடிக்கிறேனே, இங்கே மட்டும் என்ன வந்தது?

ஜூன் 17

யோசித்துப் பார்த்தேன். மாடிக்கும் வகுப்புக்கும் என்ன வித்தியாசம்? செருப்பு. வைக்கச் சொன்னது யார்? அவள். கட்டாவில் கண் எதிரே நிற்காத எதிரியைப் பார்க்க வேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது. நான் அந்தப் பக்கம் திரும்பி உதைக்கும்போது செருப்புக்குக் கிட்டே இருப்பது யார்? அதுவும் அவள். இன்னொன்று: துணிக்கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்த நான், மூன்று முறை "சரியாக" முடித்ததும் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நிற்கிறேன். எப்படி?

சே. பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் ஆபரேஷனுக்கு எட்டு நாள் ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்தவள்.

— அப்போது போட்டி இல்லையே.

ஜூன் 18

செருப்பின் குதிகாலுக்கு நேராகத் தரையில் பென்சிலால் நூலளவு கோடு போட்டேன். கட்டா முடிந்தது. கால் கச்சிதமாகச் செருப்புக்குப் பக்கத்தில். குனிந்து பார்த்தால் பென்சில் கோடு ஒரு அடிக்கு அப்பால் கிடக்கிறது.

அவள் கொண்டையை முடிந்தபடி, "மூணு ஆயிடுச்சுக்கா, இறங்கலாம்" என்றாள். வாய் கூசவில்லை. நான் சரியாகச் செய்வதாகவே நம்பிக்கொண்டிருந்து தேர்வில் எல்லோர் முன்னாலும் கோட்டை விட வேண்டும், அதுதான் திட்டம். கூடவே இருந்து குழி பறிக்கிறாளே பாவி.

ஜூன் 22, சனி

மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். என் முன்னாலேயே அவளைக் கூப்பிட்டார்.

"செருப்பை நகர்த்துனீங்களா?"

"ஆமா மாஸ்டர்."

"ஏன்?"

என்னைப் பார்த்தாள்.

"அடுத்தவங்க பயிற்சியைக் கெடுக்கிறவங்க தேர்வுக்கு வேண்டாம். ஆறு மாசம் போகட்டும்" என்று பெயரை அடித்தார். வணங்கிவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

ஜூன் 23

தனியாகச் செய்தேன். முப்பத்தொன்பது முறை. ஒன்றுகூடச் சரியில்லை.

ஜூன் 27

முட்டி வீங்கிவிட்டது. சுவரைப் பிடித்துப் படி இறங்கும்போது கொழுந்தன் எதிரே வந்தான்.

"முட்டி இன்னும் சரியாகலையா அண்ணி?"

"என்ன முட்டி? யார் சொன்னது?"

"இவதான். 'மூணு சரியா வர்ற வரைக்கும் அக்கா விடமாட்டேங்கிறாங்க, வலியோட முப்பது தடவ செய்றாங்க, நிறுத்துங்கன்னா போட்டியில சொல்றேன்னு நினைப்பாங்க'ன்னு புலம்பிக்கிட்டிருந்தா. அப்புறம் செருப்பைத் தள்ளி வச்சிட்டேன், அஞ்சாறுலயே இறங்கிடறாங்கன்னா. உங்ககிட்ட சொல்லலையா?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 28

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கட்டிய கதையாகவும் இருக்கலாமே? இருக்கலாம் என்று இந்த நோட்டைப் புரட்டினேன். நானே எழுதியிருக்கிறேன்: 4ஆம் தேதி இருபத்தாறு, 10ஆம் தேதி ஐந்து. அவளை விரட்டிய மறுநாள் முப்பத்தொன்பது.

மாஸ்டர் கேட்டபோது அவ ஏன் வாயைத் திறக்கல? முட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பேரும் போயிருக்கும். அதுக்காகவா? அதுக்காகத்தானா? நான் என்ன மாதிரி ஜென்மம்.

ஜூன் 29, சனி

வரிசையில் நின்றபடியே எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் எதையும் கெடுக்கவில்லை, என் முட்டியை நான்தான் மறைத்தேன் என்று. மாஸ்டர் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரைத் திரும்ப எழுதினார். பெண்கள் வகுப்பு இனி எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

வாசலில் அவளிடம் போனேன். "எல்லார் முன்னாடியும் சொல்லுங்கன்னு நான் கேட்டேனா?" என்றாள். விறுவிறுவென்று போய்விட்டாள்.

ஜூலை 28

அவள் பாஸ். கொழுந்தன்தான் மாடியேறி வந்து சொன்னான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எலும்பு டாக்டரிடம் டோக்கன் முப்பத்தொன்று. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெஞ்சில் தனியாக இருந்தேன். யாரோ என் பையை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓர்ப்படி. முகத்தைப் பார்க்கவில்லை. இன்று அவளுக்குப் பெண்கள் வகுப்பு உண்டு. அதை விட்டுவிட்டு எதற்கு வந்தாள் என்று துருவப்போன புத்தியை அடக்கிக்கொண்டேன்.

கூப்பிட்டதும் அவளும் கூடவே எழுந்து உள்ளே வந்தாள்.

"எவ்வளவு நாளா வலி?" என்றார் டாக்டர்.

"ஒரு மாசமா" என்றேன்.

"நாலு மாசம் டாக்டர்" என்றாள். "தரையில உக்காந்தா இடது கையை ஊணித்தான் எந்திரிக்கிறாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை.