வாசம் வரும் வழி

பிப்ரவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் “நல்லா இருக்கேன் மாமா” என்று வரும், அடுத்த நொடியே “சரி மாமா, வெச்சிடறேன்” என்று போன் அடங்கிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பாருங்கள்.

நீங்கள் கேட்ட மாஸ்க் பில்டர்கள் இந்தப் பார்சலிலேயே இருக்கின்றன. ஆவிக்குக் கரி பில்டர், அதன்மேல் போட பஞ்சு மூடி. கவரைப் பிரிக்காமல் வைத்திருங்கள். பிரித்துவிட்டால் நீங்கள் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் கரி தன் வேலையைத் தொடங்கிவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பஸ் பட்டறைக்குச் சரக்கு இறக்க வந்த நம் டிரைவர் திரும்பி வந்து சொன்னான்: “மொதலாளி, உங்க மாப்பிள்ளைய எனக்கு அடையாளமே தெரியல. அம்மாம் பெரிய தாடி. அது மேலயே மாஸ்க்க மாட்டிக்கிட்டு பெயிண்ட் ரூமுக்குள்ள போறாரு.”

“வேற யாரையாவது பாத்திருப்ப” என்றேன்.

“நம்ம கடை மாஸ்க்குதான். பச்சை வார்.”

நீங்கள் முதன்முதலில் என் கடைக்கு வந்தது நினைவிருக்கிறதா? “நல்ல மாஸ்க் ஒண்ணு குடுங்க” என்றீர்கள். செருப்புக் கடையில் காலைக் காட்டாமல் நல்ல செருப்பு கேட்கிற மாதிரி. கல்லாவில் இருந்தவள் என் மகள். “என்ன வேலை? தூசியா, புகையா, ஆவியா? காத்து இருக்கற எடமா, இல்லாத எடமா?” என்று அடுக்கினாள். நீங்கள் திருதிருவென்று முழித்தீர்கள். பிறகு அவளே ஒன்றை எடுத்து உங்கள் முகத்தில் மாட்டி, இரண்டு பக்கப் பில்டரையும் உள்ளங்கையால் பொத்தி, “இப்ப மூச்ச இழுங்க” என்றாள். மாஸ்க் முகத்தோடு ஒட்டவில்லை. அரைகுறைத் தாடி. “கதவப் பூட்டிட்டு ஜன்னலத் தொறந்து வெச்சிட்டுப் போற மாதிரி இருக்கு. மழிச்சிட்டு வாங்க, அப்புறம் தரேன்” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வந்த வாடிக்கையைத் துரத்துகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் காலையில் முகம் மழமழவென்று வந்து நின்றீர்கள். ‘இவன் மாஸ்க் வாங்க வரலை’ என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

அவள் இருந்தால் இப்போதும் அதைத்தான் சொல்வாள். மழித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

குட்டிக்கு ஒரு பல் ஆடுகிறது. அப்பாவிடம் காட்ட வேண்டுமாம், யாரையும் தொட விடுவதில்லை.

உங்கள் நலம் தேடும்,
மாமா


பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். பில்டர்கள் வந்து சேர்ந்தன. அத்தையையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்லவும். பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லவும், வருகிறேன்.

தாடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடவும். அத்தை கண்ணில் பட வேண்டாம்.

பெயிண்ட் ரூமுக்குள் அவள் வருகிறாள்.

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உருவமோ குரலோ கிடையாது. பஸ்ஸின் முகப்பை முடித்துப் பக்கவாட்டுக்குத் திரும்பும்போது, மாஸ்க்குக்குள்ளே, மூக்குக்கு மிகக் கிட்டத்தில், நெயில் பாலிஷ் வாசம் வரும். அவளுடைய அந்தச் சிவப்பு. லீவு நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டுக்கொண்டு பத்து விரலையும் விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். “ஊதுங்க. பெரிய ஸ்ப்ரே பெயிண்டர்னு பேரு, பொண்டாட்டி நகத்தக் காய வெக்கத் துப்பில்ல” என்பாள். ஒவ்வொரு விரலாக ஊதுவேன். அந்த வாசம் மாமா. அதேதான்.

அவளுக்கு முடியாமல் போன அன்று நான் உள்ளே இருந்தேன். உங்களுக்குத் தெரியும். உள்ளே காற்றாடிகள் போடும் சத்தத்தில் வெளியே கதவு தட்டியது கேட்கவில்லை. இரண்டாவது கோட் அடித்து முடித்து வெளியே வந்தபோது எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். அவள் கடைசியாக ஆள் விட்டுத் தேடிய இடம் அந்த அறைதான். இப்போது அவளே வந்து தேடுகிறாள்.

வாரை இறுக்கிக் கட்டினால் வருவதில்லை. கொஞ்சம் தளர்த்தினால் வருகிறாள். இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

என்றும் அன்புடன்,
தங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் படித்ததைக் கிழிக்க முடியவில்லை.

நான் வியாபாரி. யார் என்ன சொன்னாலும் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் பழக்கம். பின்பக்கக் குடோனுக்குப் போய், நீங்கள் பெயிண்டில் கலக்கும் அதே தின்னர் டின் ஒன்றைத் திறந்து முகர்ந்தேன். மறைப்பானேன், ஒரு கணம் என் மகள் பக்கத்தில் நின்றாள்.

ஆனால் அது தின்னர், மாப்பிள்ளை. நகப்பூச்சில் இருப்பதும் உங்கள் தின்னரில் இருப்பதும் ஒரே குடும்பத்துச் சரக்கு. தாடிக்கும் ரப்பருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் நுழைந்து வருகிறது. அது மட்டும் வந்தால்கூட நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். பெயிண்ட் இறுகக் கலக்கிற ஹார்டனரில் இருக்கிற விஷத்துக்கு வாசமே கிடையாது. வாசம் வருகிற வழியாகத்தான் அந்த வாசமில்லாததும் வரும். ஒன்றை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வெளியே நிறுத்த எந்தக் கம்பெனியும் இன்னும் பில்டர் செய்யவில்லை. செய்திருந்தால் முதலில் நான்தான் வாங்கி வைத்திருப்பேன்.

சாயங்காலமானால் நெஞ்சு இறுக்குகிறதா? லீவு நாளில் சரியாகி, வேலைக்குப் போனதும் திரும்ப வருகிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.

தாடி இருக்கட்டும். அதை இனிமேல் கேட்க மாட்டேன். இத்துடன் ஒரு ஹூட்டும் அதற்கான காற்றுப் பம்பும் அனுப்புகிறேன். தலையிலிருந்து தோள் வரை மூடும், பின்னால் காற்று வரும் ஹோஸ் குழாய் இருக்கும். முகத்தில் ஒட்ட வேண்டியதில்லை, அதனால் தாடி தடையில்லை. வெளியே வைத்த பம்பிலிருந்து நல்ல காற்று வந்துகொண்டே இருக்கும். பம்பைப் பெயிண்ட் ரூம் புகைபோக்கிப் பக்கமோ வண்டிகள் உறுமும் இடத்திலோ வைத்துவிடாதீர்கள், பிறகு ஹோஸ் வழியாக அந்தப் புகையையே குடிப்பீர்கள். உங்கள் வேலைக்கு முதலிலிருந்தே இதுதான் சரி. என் மகள் உங்கள் முதலாளியிடம் நேரில் போய் இதற்காகச் சண்டை போட்டாள், அவர் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இந்தத் தடவை நானே அனுப்புகிறேன். விலையைக் கேட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

மாமா


மார்ச் 9

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். ஹூட் வந்தது. அதே அன்று போட்டுக்கொண்டேன்.

உங்களிடம் பொய் எழுத வரவில்லை. அது தின்னர் என்று எனக்கு முதல் நாளே தெரியும். தின்னர் வாசம் தெரியாதவன் பெயிண்டரா? நீங்கள் பெரிய உண்மையைக் கண்டுபிடித்து எழுதிய மாதிரி எழுதியிருந்தீர்கள், படித்தபோது சிரிப்புக்கூட வந்தது. தெரிந்துதான் வாரைத் தளர்த்தினேன். துக்கத்துக்காகத் தாடி வளர்க்கிறேன் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் வர ஒரு இடுக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஹூட்டுக்குள் குளுகுளுவென்று காற்று வந்தது. நல்ல காற்று. அதில் ஒன்றுமே இல்லை மாமா. முகப்பை முடித்துப் பக்கவாட்டுக்குத் திரும்பி நின்றேன், கொஞ்ச நேரம் ஸ்ப்ரே துப்பாக்கியை அழுத்தாமல் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவளை நாம் எடுத்துக்கொண்டுபோன அன்று எனக்கு அழுகை வரவில்லை என்று அத்தைக்குக்கூட வருத்தம். ஹூட்டுக்குள் அந்த அழுகை வந்தது. என்னைப் பொறுத்தவரை அவள் அன்றுதான் செத்துப்போனாள்.

ஹூட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பழைய பச்சை வார் மாஸ்க்குக்கே திரும்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாயங்காலத்தில் நெஞ்சு இறுக்குவது உண்மை. லீவில் சரியாகிவிடுகிறது. கரி பில்டர் தீர்ந்துகொண்டிருக்கிறது, அடுத்த பார்சலில் அனுப்பவும்.

என்றும் அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

பில்டர் அனுப்பவில்லை. இனி என் கடையிலிருந்து உங்களுக்கு ஒரு பஞ்சு மூடிகூட வராது. கடை ஆரம்பித்ததிலிருந்து வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பியவள் என் மகள் ஒருத்திதான். இப்போது நானும் அனுப்புகிறேன்.

இன்னொன்றும் செய்தேன். உங்கள் முதலாளிக்குப் போன் செய்து, தாடி வைத்தவனை அந்த மாஸ்க்கோடு பெயிண்ட் ரூமுக்குள் விட்டால் நாளைக்கு நெஞ்சு நோய்க்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மனிதர் இந்த முறை சிரிக்கவில்லை. உங்கள் வேலைக்கு உலை வைத்தவன் மாமனார்தான் என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் எழுதிய அடையாளத்தைப் பார்த்தால், ஒரு தடவை நெஞ்சு அப்படி இறுக ஆரம்பித்துவிட்டால் பிறகு மாஸ்க், ஹூட் எதுவும் போதாது. அந்த விஷம் ஒரு துளி பட்டாலும் இறுகும். அப்படிப்பட்டவன் அந்த அறையை விட்டே வெளியேற வேண்டும். டாக்டரிடம் போய் என்ன பெயிண்ட், என்ன ஹார்டனர் என்று டப்பாவையே காட்டிச் சொல்லுங்கள். வெறும் சளி என்று மாத்திரை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

உங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அந்த டின்னை நான் அதற்குப் பிறகும் திறந்தேன். கடையைச் சாத்தும் நேரத்தில் குடோனுக்குப் போவேன், மூடியைக் கழற்றுவேன். வழக்கமாகிவிட்டது. உங்கள் அத்தை வந்து பிடித்துவிட்டாள். “கடைய சாத்திட்டு உள்ள என்ன பண்றீங்க? மேலெல்லாம் தின்னர் நாத்தம். இந்த வயசுல பெயிண்டரா சேந்துட்டீங்களா?” என்றாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். உங்கள் கடிதத்தைப் பற்றி இல்லை, வாசத்தைப் பற்றி மட்டும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். டின்னுக்குக் கையை நீட்டி, “எனக்கும் காட்டுங்க” என்றாள்.

மாப்பிள்ளை, நான் மூடியை இறுக்கித் திருகிவிட்டேன். மறுநாள் காலையில் குடோனில் இருந்த டின் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்பினேன். இனி தின்னர் விற்பதாக இல்லை. அத்தை இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நான் மூடிவிட்டேன். நீங்களும் மூடுங்கள். உங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள்.

மாமா


ஏப்ரல் 2

மாமாவுக்கு,

நீங்கள் சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கும் நாள் பார்த்துத்தான் நேற்று வந்தேன். உங்கள் மேல் அவ்வளவு கோபம். அந்தப் போனுக்குப் பிறகு முதலாளி என்னைப் பெயிண்ட் ரூம் வாசலில் நிறுத்தி, எல்லோருக்கும் முன்னால், “மொதல்ல ஷேவ் பண்ணிட்டு வாப்பா, உங்க மாமனாரு என்னைய ஜெயிலுக்கு அனுப்பிடுவாரு போல” என்றார். அன்று திரும்பி நடந்தவன், உங்களுக்கு இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று இருந்தேன்.

பல் விழுந்துவிட்டது. குட்டி அதை ஒரு பாட்டில் மூடியில் போட்டு வைத்திருந்தாள். “லேட்டுப்பா நீ” என்றாள். அவள் கை விரலெல்லாம் சிவப்பு. அம்மாவின் பெட்டியிலிருந்து நெயில் பாலிஷை அத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். வீடு முழுக்க அந்த வாசம். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

குட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து விரலையும் விரித்து நீட்டினாள். “ஊதுப்பா” என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அவள் அம்மா செய்வதைப் பார்த்திருப்பாள்.

ஊதினேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல். நடுவிரலுக்கு வரும்போது மூச்சு இல்லை. இருமல் வந்து உட்கார்ந்துவிட்டேன். “பரவால்லப்பா, நானே ஊதிக்கறேன், நீ ரெஸ்ட் எடு” என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு மிச்ச விரல்களை அவளே ஊதினாள்.

அவள் ஊதும்போது பக்கத்தில் இன்னொருவர் ஊதும் சத்தமும் கேட்டது மாமா. மெல்லிசாக, விசில் மாதிரி. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அத்தை சமையலறையில் இருந்தார்கள். நான் ஊதவில்லை. அவள் அம்மா வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். குட்டி நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. குட்டி என்னைப் பார்த்து, என் நெஞ்சில் காதை வைத்து, “உள்ள யாருப்பா?” என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, அது என்னிடமிருந்து வருகிறது.

உங்கள் ரேசரை எடுத்து உங்கள் குளியலறையிலேயே மழித்துவிட்டேன். அடைத்துக்கொண்டிருந்தால் மன்னிக்கவும். டாக்டரிடம் டப்பாவோடு நாளை போகிறேன். சீட் பொருத்தும் பக்கம் வேலை கேட்டிருக்கிறேன், கிடைக்காவிட்டால் பிறகு பேசுவோம். ஹூட்டை இங்கே வரும் முன்பே எனக்குப் பதிலாக வந்திருப்பவனிடம் கொடுத்துவிட்டேன், பம்பைக் காம்பவுண்டுக்கு வெளியே நானே இடம் மாற்றி வைத்தேன்.

பச்சை வார் மாஸ்க்கை உங்கள் மேசை மேல் விட்டுப் போகிறேன். கழுவ எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கழுவுங்கள். அத்தை கண்ணில் படுவதற்குள், வெந்நீரில், சோப்புப் போட்டு.

முகர்ந்து பார்க்காமல் கழுவுங்கள் மாமா.

மாப்பிள்ளை