வெட்டிப்போட்ட உறுமல்

ஞாயிறு, இரவு.

காலையில் லோகநாதன் அண்ணன் வந்தார். அவருடைய கழனி மோட்டார் கொட்டகையில்தான் இரண்டு வருடமாக மைக் வைத்துத் தவளைச் சத்தம் பதிவு செய்கிறேன். கழனிக்குப் பின்னாலேயே ஒரு கம்பெனியின் தொழிற்சாலை.

"நைட்டு பூரா மெஷின் ஓடிக்கினே கீதும்மா, தூங்க முடியல. கேட்டா, நைட்டுல ஓட்டறதே இல்லன்றான் கம்பெனிக்காரன். உங்க மைக்குல அந்த சத்தம் இருக்கும் இல்ல? நாளைக்கு கலெக்டராண்ட மனு குடுக்கப் போறோம்."

கேட்டுப் பார்க்காமலே, இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

மாலை முழுக்க ஒவ்வொரு பதிவாகப் போட்டுக் கேட்டேன். ஒன்றிலும் இல்லை. அந்த மெஷின் உறுமல் தவளைச் சத்தத்தைக் கெடுக்கிறது என்று முதல் வாரமே எரிச்சல்பட்டு, தாழ்ந்த ஒலியை வெட்டும் சுவிட்சை ரெக்கார்டரில் தட்டிவிட்டவள் நான்தான். பிறகு அதை மறந்தே போனேன். இந்தப் பதிவுகளை ஒரு கண்காட்சியில் ஒலிக்கவிட்டு, எவ்வளவு சுத்தமான பதிவு என்று எல்லாரும் சொன்னபோது சிரித்துக்கொண்டு நின்றேன்.

இப்போதுதான் அண்ணன் போன் செய்தார். "நாளைக்கு கலெக்டராண்ட போட்டுக் காட்ட ஸ்பீக்கருக்கு சொல்லி வெச்சிட்டேன்மா. ஊரே வருது."

சரி என்றேன்.

இரவில் சத்தமே இல்லை என்கிறது கம்பெனி. என் இரண்டு வருடப் பதிவும் அதையேதான் சொல்கிறது.