சட்டையில் இருந்த பெயர்

ஞாயிறு, இரவு

குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடும் கூட்டத்துக்கு இன்று முதல்முறையாகப் போனேன். சுங்குவார்சத்திரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மனைவி செல்வியிடம் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன். அதனால் கம்பெனி சட்டையில்தான் கிளம்ப வேண்டியதாயிற்று.

என் முறை வந்ததும், "என் பேரு குமார்" என்றேன். "வணக்கம் குமார்" என்றார்கள் எல்லோரும். தலையைக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. பாக்கெட்டுக்கு மேல் சிவப்பு நூலில் 'முருகேசன்' என்று தைத்திருக்கிறது. கையால் மறைத்தேன். கை நடுங்கியது.

யாராவது சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. டீ கொண்டுவந்த ஆள் என் பாக்கெட்டைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

"அரை கிளாஸ்தான் ஊத்திகீறேன் குமாரு. மொதல்ல எல்லாருக்கும் அப்டித்தான்" என்றார்.

அந்த அரை கிளாஸையும் சட்டையில் சிந்திக்கொண்டேன்.

வீட்டில் செல்வி சட்டையை வாங்கி, கறையை முகர்ந்து பார்த்தாள்.

"டீயா?"

"ஆமா."

இன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அவள் இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள்.