நிகில் படத்துக்கு முன்னால் பாடின வரி

அப்புக்குட்டி, அம்மாவுக்கு உடம்பு கிடக்கிறபடி கிடக்கிறது, சோறு இறங்குகிறது, நீ மஸ்கட் வெயிலில் வாடாமல் இருந்தால் அதுவே எனக்குச் சுகம். போனில் நிகில் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் அங்கே திரும்புகிற வசந்தியின் வீட்டுக்காரர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், கிழிக்காமல் படி. உன் தங்கச்சிக்குக் காக்கநாட்டில் வேலை நிலைத்துவிட்டது, அடுக்களை ஓட்டில் மழை ஒழுகுகிறது, அதெல்லாம் இருக்கட்டும். உன் தபலாவோடு பாடின நிகில் போய் வருஷம் திரும்பிவிட்டது. பஜார் ரோட்டில் பழைய இஞ்சி கோடவுன் சுவரில் அவன் முகத்தைப் பெரிதாக வரைந்து, கீழே கல்மேடை கட்டி, ஞாயிற்றுக்கிழமை திறந்தார்கள். போகாதேம்மா, யாரென்று தெரிந்தால் உன்னை விடமாட்டார்கள் என்று தங்கச்சி கையைப் பிடித்தாள். டயர் வெடித்ததுதான் என்று போலீசே சொல்லிக் கேஸை முடித்த பிறகும், கச்சேரி முடிந்து வரும்போது ஆலுவாவில் வண்டி ஓட்டின தபலாக்காரன் தூங்கிவிட்டான், அதனால்தான் நிகில் செத்தான் என்றுதானே இங்கே பேச்சு. ஆனால் என் கையால் சோறு தின்ற பிள்ளை, அவன் பாட்டை ஊர் கேட்கிறதற்கு முன்னால் என் அடுக்களை கேட்டது, எப்படிப் போகாமல் இருப்பேன். சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு போனேன்.

அங்கே அவன் ரசிகர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பூ போடக் கூடாது, கை தட்டக் கூடாது, வருகிறவர்கள் எல்லாரும் அவன் பாட்டில் ஒரு வரி பாட வேண்டும், ஒருவர் பாடின வரியை இன்னொருவர் பாடக் கூடாது. வரிசையில் சிக்கின பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. எனக்குத் தெரிந்த வரிகளை எல்லாம் முன்னால் நின்றவர்கள் பாடித் தீர்த்துக்கொண்டே போனார்கள், ஒவ்வொரு வரி போகும்போதும் மிச்சத்தை விரல் விட்டு எண்ணினேன். மைக் பிடித்திருந்த கிருஷ்ணபிரசாத் என்கிறவன், சேச்சி நாணிக்கேண்டா, ஒரு வரி போதும் என்று என் வெட்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நீட்டினான். பயத்தில் என் வாயில் வந்தது, நம் வீட்டில் உன்னைக் கேலி செய்து நிகில் கட்டின வரி, சட்டி நிறைய மீனிருந்தா தாளம் எங்கே பாண்டிக்கு. பாதியில்தான் அது வீட்டுப் பாட்டென்று உறைத்தது, அதற்குள் மைக்கில் போய்விட்டது. யூடியூபில் கூட இல்லாத்த வரியாணல்லோ, சேச்சிக்கு எவிடுன்னு கிட்டி என்றான், சிரிப்பு போய்விட்டது. பின்னாலிருந்து ஒருத்தன், எடா, இது அருண்பாண்டியின்டெ அம்மையாணு, மோன் உறங்கிக் கொன்னு, அம்மை பாடான் வந்நு என்று உன் பேரைச் சொல்லிக் கத்தினான். யாரோ என் தலைத்துணியை இழுத்தார்கள்.

அப்போதுதான் மேடை ஓரத்தில் நாற்காலியில் இருந்த நிகிலின் அம்மா கமலாக்ஷி எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார், அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். திட்டவில்லை, தொடவும் இல்லை. எனக்கு அறியாத்த பாட்டும் என்டெ மோன் பாடியிட்டுண்டோ என்று மட்டும் கேட்டு, முழுதும் பாடச் சொன்னார். பாடினேன் அப்புக்குட்டி, அந்த மீன் பாட்டை, ஒருத்தரும் சிரிக்காமல் கேட்டார்கள். முடிந்ததும், நின்டெ மோன் வரட்டே, எனக்கு அவனோடு ஒரு காரியம் சோதிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். என்ன கேட்கப்போகிறார் என்று முகத்தைப் பார்த்தும் பிடிபடவில்லை. கூட்டம் வழி விட்டது, ஆனால் அதில் ஒருத்தன் என் பின்னாலேயே வந்து நம் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.

இசக்கியம்மன் உன் கூடவே நிற்பாள், தீர்க்காயுசாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே வண்டி ஓட்டுகிற வேலை தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை, வராதே என்று எழுதவும் ஓடவில்லை. சுவரில் உன் முகமும் மஸ்கட்டில் நிகிலுமாக இருந்திருந்தால், நான் அவனை என்ன கேட்பதற்குக் கூப்பிட்டிருப்பேன்?

உன் அம்மா,
இசக்கிசெல்வி