மாமனார் நம்பரில் ஏறிய புள்ளிகள்

ஆடி 4, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வாசலூர்பட்டி படகுத்துறை முழுக்க மூடுபனி, ஏரியே தெரியவில்லை. ஆனாலும் கடையில் நல்ல கூட்டம். பில் போட்டுப் போட்டு விரல் வலி.

டூரிஸ்ட்டுகள் யாரும் போன் நம்பர் சொல்வதில்லை. "புள்ளி ஏறும்ங்க, பரிசு வாங்கிக்கலாம்" என்றால், "அதெல்லாம் எதுக்குங்க, பில்லைக் குடுங்க." அவர்கள் வேண்டாம் என்றதை எல்லாம் என் மாமனார் நம்பரில் ஏற்றுகிறேன். என் நம்பரைப் போட முடியாது, கடை ஆட்களுக்குத் தடை. மாமனார் தை மாதமே போய்ச் சேர்ந்தவர். செத்தவருக்குத் தடை ஏது? பரிசு மிக்ஸிக்கு இன்னும் கொஞ்சம் புள்ளிதான்.

பக்கத்து கவுன்டர் கோகிலா அவள் சித்தி நம்பரில் ஏற்றுகிறாள். "யாரு ஊட்டுச் சொத்துங்கக்கா? வீணாத்தான போவுது." நியாயமாகத்தான் படுகிறது. பிறகு ஏன் மேனேஜர் பக்கத்தில் வந்தால் எனக்கு வியர்க்கிறது?

சாயங்காலம் வீடு. என் வீட்டுக்காரர் மரவள்ளி லோடோடு அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போயிருந்தார். அத்தை இரண்டு தட்டில் சாமைச் சோறு போட்டு வைத்திருந்தார்.

"ரெண்டாவது யாருக்குங்க அத்தை?"

"உன்ற மாமனாருக்குத்தான் கண்ணு. இன்னைக்கும் வந்துட்டுப் போயிருக்காரு பாரு."

மாமனாரின் பழைய போனை நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தும் காட்டினார். 'அன்பு பெரியசாமி, இன்று எங்கள் கடைக்கு வந்ததற்கு நன்றி.' வரிசையாக அதே. போன் அத்தையிடம் இருப்பது தெரியும். படிப்பார் என்று நினைக்கவில்லை. பாவி நான்.

ஆடி 5, திங்கள்

மழை விட்டது. துணி எதுவும் காயவில்லை.

"அது மிஷின் அனுப்பறதுங்க அத்தை."

"மிஷினுக்கு உன்ற மாமனார் பேரு எப்புடிச் சாமி தெரியும்? நீதான பில்லுப் போடற, வந்தா ஊட்டுல ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? என்ன சட்டை போட்டிருந்தாரு?"

பஸ் ஹாரன் கேட்டது. "நீலம்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். ஏன் சொன்னேன்? என் வாய் அழுகிப் போக.

ஆடி 8, வியாழன், அமாவாசை

மாமனாருக்குப் படையல். இலை, வடை, அவருக்குப் பிடித்த பலாச்சுளை. அத்தை இலையை அப்படியே சுருட்டி வாசலில் வீசினார்.

"உசுரோட இருக்கற மனுசனுக்கு எவளாச்சும் படைப்பாளா?"

"அம்மா!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். பிறகு மிளகுக்கொடிப் பக்கம் போய் நின்று அழுதார். அவரிடமும் நான் சொல்லவில்லை. மிக்ஸியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். நாளையிலிருந்து நிறுத்தம்.

ஆடி 13, செவ்வாய்

அந்த நம்பரைத் தொடவே இல்லை. போனும் சும்மா கிடக்கிறது. அத்தை சோற்றைத் தொடுவதில்லை, கன்னம் ஒட்டிவிட்டது. பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புள்ளி, மிக்ஸி, நீலச் சட்டை. திட்டுவார், அடித்தாலும் சரி என்றிருந்தேன். நிதானமாகச் சொன்னார்.

"அப்ப, நீ நம்பரு போட்டாத்தான் அவரு வருவாரு."

"அவரு வரலீங்க அத்தை. அது சும்மா..."

"வந்துட்டிருந்த மனுசனை நிறுத்தறதுக்கு நீ யாரு கண்ணு?"

கோபமே இல்லாத குரல். எனக்கு அதுதான் பயம்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. நல்ல வெயில். கடையில் நிற்க இடமில்லை. மத்தியானம் அத்தை தனியாக பஸ் ஏறி வந்துவிட்டார். தலை சீவி, பூ இல்லாத கொண்டை. என் கவுன்டர் ஓரமாக நின்று, உள்ளே வரும் ஆண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோகிலாகூடச் சிரிக்கவில்லை.

"நம்பரெல்லாம் வேண்டாங்க" என்றார் தண்ணீர் பாட்டில் வாங்கியவர்.

அத்தை என் விரலையே பார்த்தார். "போடு சாமி."

போட்டேன். மிக்ஸிக்காக இல்லை, சத்தியமாக.

அத்தை கையில் போன் சிணுங்கியது. அவர் அதைப் படிக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.