பருத்த இறகுகளைப் பிளக்க மறுத்த ஓலை

காற்றைப் படைத்து அதில் உயிர்களை வாழவைக்கும் இறைவன் காப்பானாக. வளிநாட்டுக்கு உடையவரும், ஏழ்குன்றக் கோட்டையின் காவலரும், நோயுற்ற குடிகளை மருந்துத் தீவுக்குச் சுமந்து செல்லும் வான்கலங்களின் தலைவருமாகிய மன்னர் பெருமான் அருள்வேந்தர் திருமுன், கலப்பட்டறை அமைச்சன் நிலைநம்பி பணிந்து விடுக்கும் ஓலை. அரண்மனையும் தொழுவமும் நலம் பெறுக; நாட்டில் பசித்த வாய் ஒன்றும் இல்லாதிருக்க.

காற்று குண்டானவர்களை மட்டும்தான் பிடித்து இழுக்குமா என்று ஒரு சிறுமி முன்பு என்னைக் கேட்டாள். சிரித்துவிட்டு வந்தேன். இன்று அக்கேள்விக்குத் தேவரீரின் அவை ஆம் என்று விடை எழுதி, பருத்த இறகுகளையெல்லாம் பிளந்து விறகாக்கவும், கத்திபோல் மெலிந்த இறகு பூட்டிய கலத்தை வரும் பௌர்ணமியில் நோயாளிகளோடு பறக்கவிடவும் ஆணையிட்டிருக்கிறது. அந்த ஆணையை நான் நிறைவேற்றப் போவதில்லை.

அவ்வாணைக்கு அடிப்படையான கணக்கைத் தந்த கணக்கர் தலைவர் மதிசூடியார் பொய் சொல்லவில்லை. அரசச் சோதனை எதுவும் விடியல் நல்வேளையிலேயே நடக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அவ்வேளையில் காற்று தவழும். தவழும் காற்றில் பருத்த இறகைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு பின்னுக்கு இழுபடுகிறது என்று எடைக்கல் வைத்து அளந்தார். காற்றின் விரைவு இருமடங்கானால் இழுப்பு நான்மடங்காகும் என்று கொண்டு, புயல்விரைவு வரைக்கும் பெருக்கி எழுதிவிட்டார். அளந்தது ஒரு விரைவில். தீர்ப்போ எல்லா விரைவுக்கும்.

நான் நல்வேளை பாராமல், நடுப்பகலில், அதே இறகை, மலையிடுக்கில் காற்று சீறிவரும் ஊதற்கணவாயில் தொங்கவிட்டேன். இளங்காற்றில், இறகின் முதுகில் விட்ட புகை பாதிவழியிலேயே பிரிந்து பின்னால் சுழன்றது. இறகைப் பின்னிழுத்தது அந்தச் சுழலே. காற்று வலுத்ததும் புகை முதுகோடு ஒட்டி வால்வரை வழுக்கிப் போயிற்று. இழுப்பு கூடியது உண்மை. ஆனால் கணக்கர் பெருக்கிய அளவில் பாதியைக்கூட அது எட்டவில்லை.

மெலிந்த இறகோ தானாக நில்லாது வளைவதால், அதைக் கயிறுகளால் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. உருண்டையான அக்கயிறு ஒவ்வொன்றையும், அதைவிடப் பன்மடங்கு பருத்த மீன்வடிவ இறகை இழுக்கும் அளவுக்குக் காற்று இழுக்கிறது. அப்படிக் கட்டிய கலத்தைக் கணவாயில் மணல்மூட்டை ஏற்றி நிறுத்தினேன். கடுங்காற்றில் கயிறு அறுந்து இறகு முறிந்தது. விழுந்தவை மூட்டைகள், இறைவனுக்கு நன்றி.

இதை அவையில் சொன்னபோது மதிசூடியார் என் வயிற்றைப் பார்த்து, அமைச்சருக்குத் தம் உருவத்தின் மேலுள்ள பாசம் இறகின்மேலும் பாய்ந்துவிட்டது என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் கலம் செலுத்தப் பணிக்கப்பட்ட சாத்தி சிரிக்கவில்லை. ஆணையென்றால் தான் பறப்பதாகவும், நோயாளிகளை மட்டும் ஏற்றாதிருக்க வேண்டும் என்றும் அவள் கேட்டுக்கொண்டாள். அந்தச் சிறு இரக்கத்தின் முன் என் பதவி பெரிதாகத் தோன்றவில்லை.

ஆகவே, பருத்த இறகு ஒன்றையும் கோடரி தொடலாகாது. பௌர்ணமியில் அவ்விறகு பூட்டிய கலமே பறக்கும். பட்டறையார் அனைவருக்கும் இது என் கட்டளை. தவறெனில் தண்டனை எனக்கே; தச்சர் ஒருவரும் வருந்தலாகாது. காற்று உள்ளவரை கோல் நிமிர்ந்து நிற்க. இஃது என் மோதிர முத்திரை.

உள்ளேடு: மன்னர் தனித்துப் பிரித்துக் காண்க.

பெருவெள்ள ஆண்டில், காய்ச்சலில் நினைவிழந்த இளவரசரைப் புயலூடே தீவுக்குக் கொண்டுசேர்த்தவள் சாத்தியே. பரிசு வேண்டாள், யாரிடமும் சொல்லாள். தேவரீரும் அறியீர்; அன்று கலத்தைப் பூட்டி அனுப்பிய நான் மட்டுமே அறிவேன். ஆணையோலையை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். கதவை அடைத்து, தங்கள் கையாலேயே அதை விளக்குச் சுடரில் காட்டுக. அவளுக்குத் தாங்கள் பட்ட கடன் தீர்ந்துவிடும். சாட்சி ஒருவரும் வேண்டாம்.