கேட்டவர்கள்: இரண்டு

ஜூன் 3, செவ்வாய்

நாளை முதல் பள்ளிக் குழுக் கூட்டத்தைப் பதிவு செய்து இணையப் பக்கத்தில் போடும் வேலை எனக்கு. பொதுமக்கள் கேட்க வேண்டுமாம். "நீதான் வாயே திறக்க மாட்டியே, பதிவுல இடைஞ்சல் இருக்காது" என்றார் செயலாளர் அம்மா. பட்டம் வாங்கிய பின் கிடைத்த முதல் பாராட்டு.

ஜூன் 4

கருவி சோப்புக்கட்டி அளவுதான். அதைப் பார்த்ததும் ஏழு உறுப்பினர்களும் மேடைப் பேச்சாளர்களாகிவிட்டார்கள். தலைவர் தண்ணீர் கேட்பதற்கே தொண்டையைச் செருமினார். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் மறந்துவிட்டது. மூலை நாற்காலியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் குறட்டை விட்டார். பெண்கள் பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு மனு. "அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்" என்றார் தலைவர்.

ஜூன் 7

கேட்டவர்கள்: 2. ஒன்று நான். இன்னொன்று யார்?

ஜூன் 8

அம்மா!

அம்மா வேலை பார்க்கும் தையல் கூடத்தில் மேற்பார்வையாளர் ஒரே ஒரு போனைத்தான் அனுமதிப்பார். அதை மேசை நடுவே வைத்து இருபத்து மூன்று பேரும் கேட்கிறார்களாம். பலகையில் ஒட்டும் கூட்டக் குறிப்பு, எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு வெறும் காகிதம். காது கேட்குமே.

"நடுவுல யாரோ மெஷின் ஓட்டுறாங்க. எண்ணெய் போடச் சொல்லுடி."

கணக்கு வாத்தியாரைச் சொல்கிறாள்.

ஜூன் 18

தாழ்ப்பாள்: அடுத்த கூட்டம்.

ஜூன் 22

'அடுத்த கூட்டத்துல' என்று தலைவர் எத்தனை முறை சொல்வார் என்பதற்குத் தையல் கூடத்தில் பந்தயம் கட்டுகிறார்களாம், கழித்துப்போட்ட பட்டன்களை வைத்து. இந்த முறை ஒன்பது. அம்மா தோற்றுவிட்டாள்.

ஜூலை 2

தாழ்ப்பாள் மூன்றாம் முறையாகத் தள்ளிப்போனது. பிறகு தலைவர் என் பதிவுக்கு வந்தார். "ரெண்டே பேர் கேக்குறாங்க. அதுக்கு ஒரு ஆளா?" அடுத்த கூட்டத்தில் இதை நிறுத்த வாக்கெடுப்பு. நான் தபால் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். அது போகட்டும் — அந்த இருபத்து மூன்று பேர்?

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? 'அம்மா வீட்டில் இருக்கிறார்' என்றுதானே அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். யார் கேட்டார்கள் அந்தப் பொய்யை?

ஜூலை 15

"நீயே சொல்லிடேன்" என்றாள் அம்மா.

"நானா?"

"பின்ன, சோப்புக்கட்டியா பேசும்?"

ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். குழாயடியில் பதினொரு முறை சொல்லிப் பார்த்தேன். குழாய்க்கு ஆட்சேபணை இல்லை.

ஜூலை 16

கையைத் தூக்கினேன்.

"என்னம்மா, பேட்டரி தீர்ந்துடுச்சா?" என்றார் தலைவர்.

எழுதி வைத்த சீட்டை மடித்துவிட்டேன்.

"இல்ல சார். ரெண்டு பேர் இல்ல. இருபத்து நாலு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"இன்னொரு போன் எங்க அம்மாவோடது. தையல் கூடத்துல வேலை பார்க்குறாங்க. ஒரு போனை வச்சு இருபத்து மூணு பேர் கேக்குறாங்க. அவங்க பிள்ளைங்க நம்ம பள்ளிக்கூடங்கள்லதான் படிக்குது. பகல் பதினோரு மணிக்கு வேலையை விட்டுட்டு இங்க வர முடியாது சார். தாழ்ப்பாள் மூணு தடவை தள்ளிப்போனதையும் எண்ணி வச்சிருக்காங்க."

மூலையில் கணக்கு வாத்தியார் நிமிர்ந்தார்.

"அப்போ என் குறட்டை?"

"கேட்டிருக்காங்க சார். தையல் மெஷின்னு நினைச்சுட்டாங்க."

செயலாளர் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பதிவு தொடர வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர் கணக்கு வாத்தியார். நாலுக்கு மூன்று.

"அந்தத் தாழ்ப்பாளை அடுத்த..." என்று தொடங்கிய தலைவர் கருவியைப் பார்த்தார். "இந்த வாரமே போட்டுடுங்க."

ஜூலை 18

இரண்டு தாழ்ப்பாள்களோடு தச்சர் பள்ளிக்குப் போனதாகச் செயலாளர் அம்மா சொன்னார்.

கேட்டவர்கள்: 1. என் குரலைக் கேட்க எனக்கே கூச்சம்.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் ஒரு டப்பாவை என் மேசைமேல் வைத்தாள். விளிம்புவரை பட்டன்கள்.

"'அடுத்த கூட்டத்துல' எத்தனைன்னு சரியாச் சொல்லிட்டியா?"

"இந்தத் தடவை பந்தயமே வேற. நீ பேசுவியா மாட்டியான்னு." செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். "பேசுவேன்னு வச்சது நான் ஒருத்திதான்."